வேட்பாளரின் வரிக் கணக்கும் சொத்துப் பட்டியலும்: வாக்காளர் கேட்கலாமா?

சுங்கை பூலோ: எஸ்டிஆர் உதவித் தொகைக்கு மனுச் செய்யும் குடும்பம் தன் மாத வருமானத்தை எழுதித் தர வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடுகிறவர் சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும். பிள்ளையின் படிப்புக்கு பிடிபிடிஎன் கடன் கேட்டால் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கிறார்கள். நம் சமுதாயத்தில் இந்தப் பாரங்களை நிரப்பாத குடும்பம் மிகக் குறைவு.

அதே நாட்டில், நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவர் தன் வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, வரி கட்டினாரா என்று வாக்காளரிடம் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. சில நூறு வெள்ளி உதவி கேட்பவரிடம் கணக்குக் கேட்கிறோம். கோடிக்கணக்கான வெள்ளி பொதுப் பணத்துக்கும் நிலத்துக்கும் முடிவெடுக்கப் போகிறவரிடம் கேட்பதில்லை. 16ஆவது பொதுத்தேர்தல் 2028ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும் என்பதால், இதைப் பற்றி இப்போதே பேசுவது நல்லது.

சட்டம் என்ன கேட்கிறது?

வேட்புமனு நாளில் நாடாளுமன்ற வேட்பாளர் 10,000 வெள்ளியும் சட்டமன்ற வேட்பாளர் 5,000 வெள்ளியும் வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும். தாம் போட்டியிடத் தகுதி உள்ளவர் என்று சத்தியப் பிரமாணமும் செய்ய வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது விதி தகுதி இழப்புக்கான காரணங்களைச் சொல்கிறது. திவால் ஆனவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்று மன்னிப்புப் பெறாதவர் ஆகியோர் நிற்க முடியாது.

2018 ஏப்ரல் 28ஆம் தேதி பத்து தொகுதியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பிகேஆரின் தியான் சுவா 2,000 வெள்ளி அபராதம் பெற்றவர் என்பதால் அவருடைய வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. சுயேச்சையாக நின்ற 22 வயது மாணவர் பி.பிரபாகரனுக்கு பிகேஆர் ஆதரவு தந்தது. அவர் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். 2,000 வெள்ளி அபராதம் ஒருவரைப் போட்டியிலிருந்து வெளியேற்றும் அளவுக்குக் கண்டிப்பான சட்டம் இது. ஆனால் அதே சட்டத்தில் 20 மில்லியன் வெள்ளி சொத்து எப்படி வந்தது என்று கேட்க ஒரு வரிகூட இல்லை.

தேர்தல் குற்றச் சட்டம் 1954 ஓரளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறது. நாடாளுமன்றத் தொகுதிக்கு 200,000 வெள்ளி, சட்டமன்றத் தொகுதிக்கு 100,000 வெள்ளி என்று செலவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. தேர்தலுக்குப் பிறகு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அது பிரச்சாரக் காலத்தில் வேட்பாளர் செய்த செலவு மட்டுமே. அந்தப் பணத்தைச் செலவிடும் வசதி எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் இடமில்லை. கட்சிகளின் வரவு செலவைக் கட்டுப்படுத்த அரசியல் நிதிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சும் பல அரசாங்கங்களின் காலத்தைக் கடந்துவிட்டது.

வருமான வரிக் கணக்கு இன்னும் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. வருமான வரிச் சட்டம் 1967இன் 138ஆவது பிரிவின்படி ஒருவரின் வரி விவரம் ரகசியம். வரி வாரிய அதிகாரி அதை வெளியிட்டால் குற்றம். ஆனால் இந்தப் பூட்டு அதிகாரிகளுக்குப் போட்டது. தன் வரிக் கணக்கைத் தானே வெளியிட நினைப்பவரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

2,693 வாக்குகளின் தொகுதி

சுங்கை பூலோவை எடுத்துக்கொள்வோம். 2018இல் பிகேஆரின் சிவராசா ராசையா இங்கு 26,634 வாக்கு பெரும்பான்மையில் வென்றார். 2022 நவம்பர் 19ஆம் தேதி நிலைமை தலைகீழானது. ஏழுமுனைப் போட்டியில் பிகேஆரின் ஆர்.ரமணன் 50,943 வாக்குகளும், பாரிசான் நேசனலின் கைரி ஜமாலுடின் 48,250 வாக்குகளும் பெற்றனர். பெரும்பான்மை 2,693. இத்தனை நெருக்கமான தொகுதியில் இந்திய வாக்காளர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை என்றாலும் முடிவை மாற்றும் பலம் அவர்களிடம் இருக்கிறது.

அந்தத் தேர்தலில் வேட்புமனு நவம்பர் 5ஆம் தேதி. வாக்களிப்பு 14 நாள் கழித்து. அந்த இரண்டு வாரத்தில் வாக்காளர்கள் செராமாவில் பேச்சைக் கேட்டார்கள், சுவரொட்டியைப் பார்த்தார்கள், வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்தார்கள். ஏழு வேட்பாளர்களில் யாரிடமும் சட்டம் சொத்துக் கணக்குக் கேட்கவில்லை. இது அந்த ஏழு பேரின் குறை என்று சொல்ல முடியாது. நாடு முழுவதும் 222 தொகுதிகளிலும் இதே நிலைதான்.

ஆனால் சுங்கை பூலோ போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. காரணம், நிலம். ரப்பர் ஆய்வுக் கழகத்தின் மரங்கள் நின்ற ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் சேமநிதி வாரியத்தின் கைக்குப் போய், இன்று குவாசா டாமன்சாரா என்ற புதிய நகரமாக எழுந்துகொண்டிருக்கிறது. 2016 டிசம்பர் 16ஆம் தேதி எம்ஆர்டி ரயில் சுங்கை பூலோவிலிருந்து ஓடத் தொடங்கியது. ஒரு காலத்தில் பால் மரம் வெட்டிய இடத்தைச் சுற்றி இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைவீடுகளும் நிற்கின்றன.

நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளது. எந்த நிலத்தின் பயன்பாடு மாறும், எந்தக் குத்தகை நீட்டிக்கப்படும் என்பது ஷா ஆலாமில் முடிவாகும் காரியம். பாயா ஜெராஸ், கோத்தா டாமன்சாரா ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் சுங்கை பூலோவுக்குள் வருகின்றன. ரயில் நிலையம் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் அதன் பக்கத்தில் நிலம் வாங்கினால், அதை மக்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பதவிக்கு வருமுன் அவரிடம் என்ன இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பதவிக்குப் பிறகு என்ன சேர்ந்தது என்று அளக்க வழியே இல்லை.

சிலாங்கூர் பார்த்த பாடங்கள்

இது வெறும் கற்பனைப் பயம் என்று சிலாங்கூர்வாசிகள் சொல்ல மாட்டார்கள்.

2006இல் கிள்ளான் பண்டமாரானில் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் ஜக்காரியா டெரோஸ் அனுமதி பெறாமல் எழுப்பிய மாளிகை நாடு முழுவதும் பேசப்பட்டது. ஒரு காலத்தில் ரயில்வே கேட் காவலராக இருந்தவருக்கு இவ்வளவு பெரிய வீடு எப்படி என்று மக்கள் கேட்டார்கள். அவர் உழைத்தே சம்பாதித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி வீட்டின் கூரை எழும்பிய பிறகுதான் வந்தது.

2000 முதல் 2008 வரை மந்திரி பெசாராக இருந்த முகமட் கீர் தோயோவின் வழக்கு இன்னும் தெளிவானது. ஷா ஆலாம் 7ஆம் பிரிவில் 6.5 மில்லியன் வெள்ளிக்கு ஒரு நிறுவனம் வாங்கியிருந்த நிலத்தையும் பங்களாவையும் அவர் 3.5 மில்லியன் வெள்ளிக்குத் தமக்கும் மனைவிக்கும் பெற்றுக்கொண்டார் என்பது வழக்கு. 2011 டிசம்பரில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அவருக்கு 12 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. கூட்டரசு நீதிமன்றம் 2015 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. பதவியிலிருந்து இறங்கி ஏழு ஆண்டுக்குப் பிறகே கணக்கு முடிந்தது.

வரிக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையது முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் விவகாரம். 2011 முதல் 2017 வரையிலான வருமானத்துக்கு 1.69 பில்லியன் வெள்ளி வரி கட்ட வேண்டும் என்று வருமான வரி வாரியம் 2019இல் வழக்குத் தொடுத்தது. 2020 ஜூலையில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் வாரியத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நஜிப் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனார். அந்தச் சட்டப் போராட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாக்காளர் கவனிக்க வேண்டியது ஆண்டுகளை. வரி கேட்கப்பட்ட ஏழு ஆண்டிலும் அவர் நாட்டின் பிரதமர், நிதியமைச்சரும் அவரே. அந்தக் காலத்துக்குள் 2013 மே 5ஆம் தேதி ஒரு பொதுத்தேர்தல் நடந்தது. 2018 மே 9ஆம் தேதி இன்னொன்று. இரண்டு முறையும் வாக்காளர் முன் அவருடைய வரிக் கணக்கோ சொத்துப் பட்டியலோ வைக்கப்படவில்லை.

இன்னொரு முன்னாள் நிதியமைச்சர் டாயிம் சைனுடின். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 36ஆவது பிரிவின் கீழ் சொத்து விவரத்தை முழுமையாகத் தரவில்லை என்று 2024 ஜனவரி 29ஆம் தேதி அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் மறுத்தார். வழக்கு முடியுமுன் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அவர் நிதியமைச்சர் பதவியை விட்டது 2001இல். சொத்துக் கேள்வி நீதிமன்றத்துக்கு வர 22 ஆண்டுக்கு மேல் ஆனது. இதைப் பழிவாங்கல் என்று ஒரு தரப்பும், தாமதமான நீதி என்று இன்னொரு தரப்பும் சொன்னது. பதவியில் இருந்தபோதே ஒரு பட்டியல் எல்லார் முன்னாலும் இருந்திருந்தால் இந்த இரண்டு பேச்சுக்கும் இடம் குறைந்திருக்கும்.

2019 தீர்மானம் ஏன் நிற்கவில்லை?

மலேசியா முயலவே இல்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அமைச்சர்களும் ஆளும் தரப்பு உறுப்பினர்களும் ஊழல் தடுப்பு ஆணையத்திடம் சொத்து விவரம் கொடுத்தனர். ஆணையத்தின் இணையத்தளத்தில் மாத வருமானமும் சொத்து மதிப்பும் பொதுமக்கள் பார்க்கும்படி வந்தன. 2019 ஜூலை 1ஆம் தேதி மக்களவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா உறுப்பினரும் சத்தியப் பிரமாணம் செய்து சொத்தை அறிவிக்க வேண்டும் என்பதே அது.

எதிர்த்தரப்பில் பலர் இணங்கவில்லை. பதவியில் இல்லாதவர் ஏன் காட்ட வேண்டும் என்ற கேள்வி வந்தது. 2020 பிப்ரவரியில் அரசாங்கம் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த நடைமுறையும் வலுவிழந்தது.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, அது தீர்மானம், சட்டம் இல்லை. மீறினால் என்ன தண்டனை என்ற விடை உறுதியாக இல்லாத எந்த விதியும் ஆட்சி மாறும்போது காற்றில் போகும். இரண்டாவது, அது வென்றவருக்கு மட்டும் பொருந்தியது. வாக்களிக்குமுன் தெரிய வேண்டியது வாக்களித்த பிறகு தெரிந்தால் வாக்காளருக்கு அதில் என்ன பயன்? அடுத்த தேர்தல் வரை ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சட்டம் சொல்லாமலே காட்டியவர்கள்

2008 மார்ச் 8ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் ம.இ.கா தலைவர் ச.சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் தம் சொத்து விவரத்தைப் பொதுவில் அறிவித்து வந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அது மலேசிய சோசலிசக் கட்சியின் கொள்கை. அதே கட்சியின் டாக்டர் நாசிர் ஹாஷிம் 2008 முதல் 2013 வரை கோத்தா டாமன்சாரா சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். இன்று சுங்கை பூலோவுக்குள் வரும் தொகுதி அது. அவரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினார். அந்தக் கட்சியின் கொள்கையை ஏற்காதவர்கள்கூட, கணக்குக் காட்டுவது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாதபடி அந்த முன்மாதிரி இருக்கிறது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நம் சமுதாயத்துக்கு உண்டு. 1980களில் ம.இ.கா தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் வெள்ளியைப் போட்டார்கள். அவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர்கள். தாலி, தோடு அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. பின்னர் ஒதுக்கப்பட்ட 10 மில்லியன் டெலிகாம் பங்குகளில் 1 மில்லியன் மட்டுமே மைக்காவுக்குக் கிடைத்தது, மீதி 9 மில்லியன் வேறு நிறுவனங்களுக்குப் போனது என்ற சர்ச்சை வெடித்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. யார் மீதும் வழக்கு வரவில்லை. போட்ட பணம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. யாருக்கு எந்த நிறுவனத்தில் பங்கு இருக்கிறது என்று அன்று தலைவர்கள் வெளிப்படையாக எழுதி வைத்திருந்தால், தவறு செய்யாதவருக்கும் அது பாதுகாப்பாக இருந்திருக்கும். சந்தேகம் மட்டுமே மிஞ்சியதால் இரண்டு தலைமுறைக்கு அந்தக் கசப்பு நீடித்தது.

வரிக் கணக்கு மட்டும் போதுமா?

அமெரிக்காவில் வேட்பாளர்கள் வரிக் கணக்கை வெளியிடும் வழக்கம் உண்டு. 1967இல் ஜார்ஜ் ரோம்னி 12 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார். அதிபர் நிக்சன் 1970இல் கட்டிய கூட்டரசு வரி 793 டாலர் மட்டுமே என்று தெரிய வந்தபோது பெரிய கலகம் மூண்டது. கடைசியில் நாலரை லட்சம் டாலருக்கு மேல் பாக்கி வரி உண்டு என்று நாடாளுமன்றக் குழு கண்டது. ஆனால் அங்கும் அது வழக்கம்தான், சட்டம் இல்லை. 2016இல் டோனல்ட் டிரம்ப் மறுத்தார், வென்றார். அவருடைய ஆறு ஆண்டுக் கணக்கு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றக் குழுவின் வழி வெளிவந்தது.

மலேசியாவில் இதே முறையை அப்படியே கொண்டு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நம் வரி முறை வேறு. தனி நபர் பங்குச் சந்தையில் பங்கு விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு வரி இல்லை. வாரிசுச் சொத்து வரி 1991இல் நீக்கப்பட்டது. குடிமகன் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால், 2022 முதல் ஆதாய வரி கிடையாது. இவை எல்லாம் சட்டப்படி சரியான வருமானம். ஆனால் பிஇ பாரத்தில் வராது. எனவே மாதம் 6,000 வெள்ளி சம்பளம் என்று வரிக் கணக்கு காட்டும் ஒருவரிடம் மூன்று கடைவீடும் பத்து ஏக்கர் நிலமும் இருக்கலாம். அதில் குற்றம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

சொத்துப் பட்டியல் மட்டும் இருந்தாலும் பாதிதான் தெரியும். என்ன இருக்கிறது என்று காட்டும். எப்படி வந்தது என்று காட்டாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கணக்கு பேசும்.

ஓர் எளிய கணக்கு. நாடாளுமன்ற உறுப்பினரின் அடிப்படை மாதப் படி 16,000 வெள்ளி. ஐந்து ஆண்டுக்கு 960,000 வெள்ளி. உறுப்பினர் ஆகுமுன் 1 மில்லியன் வெள்ளி சொத்து வைத்திருந்தவர் ஐந்து ஆண்டு கழித்து 6 மில்லியன் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காசு செலவழிக்காமல் எல்லாப் படியையும் சேர்த்து வைத்திருந்தாலும் 4 மில்லியன் வெள்ளிக்கு மேல் வேறு வழியில் வந்திருக்க வேண்டும். அப்பா விட்டுப் போன நிலமா, மனைவியின் தொழிலா, நிலவிலை ஏற்றமா? மூன்றும் நியாயமான பதில்களே. சுங்கை பூலோவில் 20 ஆண்டுக்கு முன் நிலம் வாங்கியவருக்கு விலை ஏறியது அவர் தவறு இல்லை. பதிலைச் சொல்லும் கடமை அவருக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சொத்தைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது: கடன். பணக்காரர் ஒருவர் வேட்பாளராக நிற்பதில் தவறில்லை. ஆனால் ஒரு வேட்பாளர் ஒரு குத்தகையாளரிடம் பல லட்சம் வெள்ளி கடன்பட்டிருந்தால், வென்ற பிறகு குத்தகை வழங்கும் கூட்டத்தில் அவர் யார் பக்கம் பேசுவார்? வட்டிக்கு வாங்கித் தேர்தலைச் சந்திப்பவர் அதை எப்படி அடைப்பார்? சொத்தில்லாத வேட்பாளருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

தமிழ்நாடும் இலங்கையும்

ஆஸ்ட்ரோவில் தமிழகச் செய்தி பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே வேட்புமனு நாளன்று யாருக்கு எத்தனை கோடி ரூபாய், எத்தனை கார், எத்தனை பவுன் நகை என்று செய்தி வரும். இந்திய உச்ச நீதிமன்றம் 2002 மே 2ஆம் தேதியும் 2003 மார்ச் 13ஆம் தேதியும் வழங்கிய தீர்ப்புகளே அதற்குக் காரணம். வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. அதன்படி ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு ஆகியவற்றைப் படிவம் 26இல் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். 2019 முதல், வரிக் கணக்கில் காட்டிய ஐந்து ஆண்டு வருமானத்தையும் வெளிநாட்டுச் சொத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் கணக்கும் அதில் வரும்.

இலங்கையில் 1975 முதல் சொத்துச் சட்டம் இருந்தும் பல்லாண்டுகள் அது மூடிய கோப்பாகவே இருந்தது. பொருளாதாரம் சரிந்து மக்கள் தெருவுக்கு வந்த பிறகு, 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை மாற்றியது. 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் வேட்பாளர்களின் சொத்து விவரம் மக்கள் பார்வைக்கு வந்தது.

இதனால் ஊழல் ஒழிந்துவிட்டதா? இல்லை. ஜெயலலிதா மீதான 66.65 கோடி ரூபாய் சொத்துக் குவிப்பு வழக்கு 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தைப் பற்றியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2001, 2011, 2016 தேர்தல்களில் மக்கள் அவருடைய கட்சிக்கு வெற்றி தந்தார்கள். தகவல் தெரிந்த மக்களும் வேறு காரணங்களுக்காக வாக்களிப்பார்கள். அது அவர்கள் உரிமை. அந்த முடிவை எடுக்கும்போது கணக்கு கையில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

எதிர்ப்பவர் சொல்வதிலும் நியாயம் உண்டு

முதல் ஆட்சேபம் பாதுகாப்பு. சொத்து விவரம் வெளியானால் கொள்ளையர், கடத்தல்காரர் கண்ணில் படும் என்கிறார்கள். இது வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண், வாகனப் பதிவு எண் ஆகியவற்றை மறைத்து, மதிப்பையும் வகையையும் மட்டும் வெளியிட்டால் இந்தப் பயம் பெருமளவு குறையும்.

இரண்டாவது, குடும்பத்தின் தனியுரிமை. தனியாகச் சம்பாதிக்கும் வளர்ந்த பிள்ளையின் கணக்கை அப்பா அரசியலுக்குப் போனதற்காகத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் கணவன் அல்லது மனைவி, சம்பாதிக்காத பிள்ளைகள் பெயரில் உள்ளதை விட்டுவிட்டால் பட்டியலுக்கே பொருள் இல்லை.

மூன்றாவது, பினாமி. கெட்டிக்காரர் எல்லாவற்றையும் மைத்துனர் பெயரிலும் டிரைவர் பெயரிலும் வைத்துவிடுவார், நல்லவர் மட்டும் மாட்டிக்கொள்வார் என்கிறார்கள். உண்மைதான், எந்தப் பட்டியலும் எல்லாவற்றையும் பிடிக்காது. ஆனாலும் சத்தியப் பிரமாணத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு மறைத்தது வெளிவந்தால், மறைத்ததே ஒரு குற்றமாகும். அரசாங்கத் தரப்பு லஞ்சத்தை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டியதில்லை. பதவியில் உள்ளவரின் வாழ்க்கை முறையைப் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காகிதம் இருக்கும்.

நான்காவது, பணக்காரர் என்றால் பொறாமை, ஏழை என்றால் ஏளனம் என்ற பேச்சு. நார்வேயில் குடிமக்கள் எல்லாருடைய வருமானமும் வரியும் பொதுவில் தெரியும். அங்கும் இந்தச் சங்கடம் வந்தது. 2014 முதல், யார் தன் கணக்கைப் பார்த்தார்கள் என்று உரியவருக்குத் தெரியும்படி செய்தார்கள். வேடிக்கை பார்ப்பது குறைந்தது. மலேசியாவில் எல்லாக் குடிமக்களின் கணக்கையும் திறக்கும்படி யாரும் கேட்கவில்லை. பதவிக்கு வர விரும்பித் தாமாகவே முன்வரும் சில ஆயிரம் பேரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது.

செய்யக்கூடியது என்ன?

சட்டம் வருமானால் அது வேட்புமனுவோடு இணைந்திருக்க வேண்டும். கடைசி மூன்று அல்லது ஐந்து ஆண்டு வரிக் கணக்கின் சுருக்கம், சொத்து மற்றும் கடன் பட்டியல், எந்த நிறுவனங்களில் பங்கு அல்லது பதவி உண்டு என்ற விவரம் ஆகியவை வேட்புமனு நாளன்றே தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் வர வேண்டும். வென்றவர் தவணை முடியும்போது அதே பாரத்தை மறுபடியும் நிரப்ப வேண்டும். பொய் சொன்னால் பதவி போகும் என்று எழுத வேண்டும். செலவுக் கணக்கு ஒப்படைக்காதவரின் தகுதியைப் பறிக்க அரசியலமைப்பில் ஏற்கெனவே இடமிருக்கிறது. சொத்துக் கணக்கையும் அதே வரிசையில் சேர்க்கலாம்.

சட்டம் வரும் வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. கட்சிகள் வேட்பாளரைத் தேர்வு செய்யும்போதே இதை நிபந்தனை ஆக்கலாம். கட்சிகள் செய்யாவிட்டால் வாக்காளர் கேட்கலாம். தாமான் குடியிருப்போர் சங்கம், கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் வாசலுக்கு வேட்பாளர் வராமல் எந்தத் தேர்தலும் நடப்பதில்லை. மாலை போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும்: கடைசியாகக் கட்டிய வருமான வரி எவ்வளவு? உங்கள் பெயரிலும் உங்கள் துணை பெயரிலும் உள்ள நிலமும் நிறுவனமும் எவை? யாரிடம் எவ்வளவு கடன் இருக்கிறது?

கேள்வியை எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். நமக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் கேட்டால் அது வெறும் அரசியல் ஆகிவிடும். மரியாதையாகவும் கேட்க வேண்டும். கேட்பது குற்றச்சாட்டு ஆகாது. எஸ்டிஆர் பாரத்தில் நம்மிடம் வருமானம் கேட்கும்போது நம்மைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை.

வேட்பாளர் தன் வரிக் கணக்கைத் தானே வெளியிட எந்த மசோதாவும் தேவையில்லை. 2022இல் சுங்கை பூலோவில் ஏழு பேர் நின்றார்கள். அடுத்த முறை நிற்பவர்களில் ஒருவர் வேட்புமனு நாளன்று தம் கணக்கை வெளியிட்டால், மற்றவர்களிடம் அதே கேள்வியைக் கேட்க வாக்காளருக்குத் தயக்கம் இருக்காது. 2,693 வாக்குகளில் முடிவான தொகுதியில் அந்தக் கேள்வியை எந்த வேட்பாளரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.